வடிகட்டியின் அகலம்

பொருள் எதுவாயினும் விலை மிகுந்ததே சிறந்தது என்றும், கருவி எதுவாயினும் கூர்மை மிகுந்ததே மேலானது என்றும் நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கின்றது. எதற்குச் சிறந்தது, யாருக்கு மேலானது என்று கேட்பவர் மிகச் சிலரே. கத்திக்குக் கூர்மை வேண்டுவதுதான். சோறு பரிமாறும் கரண்டிக்குக் கூர்மை எதற்கு? இவ்வெண்ணம் நகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் மட்டுமே உலவுவதாயின் அதுபற்றி நாம் எழுத வேண்டுவதில்லை. அறிவியற் கருவிகளைக் கையாளுவோரிடத்தும் அது குடிகொண்டிருப்பதைக் காண்கின்றோம். ஆதலின், அமெச்சூர் ரேடியோ டெலிடைப் என்னும் வானொலித் தட்டச்சுக்குரிய ரேடியோப் பெட்டிக்கு எத்தகைய வடிகட்டியைத் தெரிந்தெடுப்பது என்னும் ஒரு சிறு விஷயத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். விஷயம் சிறிதேயாயினும், அதனை ஆராயும் முறை எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகும்.

நாம் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையேயுள்ள ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். பகலெல்லாம் செக்ரோலும் குலைக் கணக்கும் சம்பளப் பட்டியலும்; மாலையில் ரேடியோ. உரிய பரீட்சையில் தேறி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உரிமம் பெற்றே இதிற் பழகி வருகின்றோம். ஆங்கில வழிப் பள்ளியிற் பயின்றமையால் இக்கலைபற்றிய நூல்களை நேரே படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம்மினும் கூரிய அறிவு படைத்த பிள்ளைகள் நம் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே உளர். அவர்கட்கு அந்நூல்கள் பூட்டிய அறையாக உள்ளன. அறிவு ஒரு மொழிக்காரரின் தனிச் சொத்தன்று. ஆகையால் நாம் அறிந்தவற்றைத் தமிழிற் கூற முயல்கின்றோம்.

வானொலித் தட்டச்சு என்பது யாது? பத்திரிகை அலுவலகங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் முற்காலத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த டெலிபிரிண்டர் இயந்திரத்தை முதியோர் பலர் கண்டிருப்பர். அவ்வெழுத்துமுறையையே கம்பியின்றி வானலை வழியே அனுப்புவதுதான் இது. பிரெஞ்சு நாட்டுத் தந்தித் துறையைச் சேர்ந்த எமில் போதோ என்பவர் 1874ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஐந்தலகுக் குறிமுறை இதற்கு வேர்; நியூசிலாந்திற் பிறந்த டொனால்ட் மரே என்பவர் 1901ஆம் ஆண்டில் அதனைத் தட்டச்சுப் பலகைக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து அலகுகளால் ஆனது. ஒவ்வோர் அலகும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டில் ஒன்று. ஆகவே கிடைக்கும் குறிகள் மொத்தம் 32. ஆங்கில எழுத்துக்கள் 26 போக எஞ்சிய ஆறும் இடைவெளி, வரியின் தொடக்கத்துக்குத் திரும்புதல், அடுத்த வரிக்கு இறங்குதல், வெறுங்குறி, 'இனி வருவன எழுத்து', 'இனி வருவன எண்' என்பவற்றுக்கு உரியன.

எண்களுக்குத் தனிக் குறி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்துக்குரிய குறியே எண்ணுக்கும் உரியது. முன்னறிவிப்புக் குறிதான் எது என்பதைத் தெரிவிக்கின்றது. அமெச்சூர்கள் 'நன்றாகக் கேட்கிறது' என்பதற்கு 599 என்று அனுப்புவது வழக்கம். அந்த முன்னறிவிப்பு ஒன்று மட்டும் இரைச்சலில் அழிந்துபோனால், திரையில் 'டி ஓ ஓ' என்னும் மூன்று எழுத்துக்கள் விழும். செக்ரோலின் தலைப்பு அழிந்துபோக, கீழேயுள்ள இலக்கம் வேலை நாளா, குலையின் எடையா என்று விளங்காமல் விழிப்பதை இஃது ஒக்கும். ஓர் அலகு பிழைத்தால் ஓர் எழுத்துப் பிழைக்கும். ஒரு முன்னறிவிப்புப் பிழைத்தால் ஒரு சொல்லே பிழைக்கும். இக்காலத்துப் புது முறைகள் பலவற்றில் உள்ளதுபோலப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இப்பழைய முறையில் இல்லை. ஆகவேதான் வடிகட்டி இங்கு அத்துணை முக்கியமாகின்றது.

இவ்வலகுகள் இரண்டு சுரங்களாக வந்து சேர்கின்றன. ஒன்றுக்கு மார்க் என்றும் மற்றொன்றுக்கு ஸ்பேஸ் என்றும் பெயர். பெரிதும் வழங்கும் முறையில் இவை 2125 ஹெர்ட்ஸ், 2295 ஹெர்ட்ஸ் என நிற்கும்; இடைவெளி 170 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அலகும் 22 மில்லி செகண்டு, அதாவது வினாடியை ஆயிரம் பங்கிட்டதில் 22 பங்கு, நீடிக்கும். தொடக்கத்துக்கு ஓர் அலகு, எழுத்துக்கு ஐந்து, முடிவுக்கு ஒன்றரை. ஆக 165 மில்லி செகண்டுக்கு ஓர் எழுத்து. ஒரு வினாடிக்கு ஆறு எழுத்துக்கள் என்று கொள்ளலாம். விரைந்து தட்டச்சு செய்பவர் கைக்கு இது மெதுவானதே. எனினும் ஜெஞ்சாரோமில் ஒருவர் தட்டிய சொல் அப்பொழுதே பின்லாந்தில் ஒருவர் திரையில் எழுந்து நிற்பதை எண்ணுமிடத்து, இம்மெதுவான நடை நமக்குக் குறையாகத் தோன்றுவதில்லை.

இனி வடிகட்டிக்கு வருவோம். ரேடியோப் பெட்டியில் வடிகட்டியின் தொழில், வேண்டிய அலைகளை விட்டு வேண்டாதவற்றைத் தடுப்பது. பேச்சுக்கென்று அமைந்த பெட்டியில் ஏறத்தாழ 2400 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி இருக்கும். அதன் வாயில் வழியே பத்துத் தட்டச்சு நிலையங்கள் ஒருங்கே நுழையலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் எவ்வாறு தனியே கேட்பது? வாயிலைக் குறுக்க வேண்டும். எவ்வளவு குறுக்குவது என்பதே கேள்வி.

இதற்குக் கணக்கு ஒன்றுண்டு. இரு சுரங்களின் இடைவெளியை 1.2ஆற் பெருக்குக, அத்துடன் வினாடிக்கு அனுப்பப்படும் அலகுகளின் எண்ணிக்கையாகிய 45ஐக் கூட்டுக. 170ஐ 1.2ஆற் பெருக்க 204. 45ஐக் கூட்ட 249. ஆகவே ஒரு தட்டச்சுச் சைகை வானில் அடைத்துக்கொள்ளும் அகலம் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ். முற்காலத்தில் அமெச்சூர்கள் 850 ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு அனுப்பினர். அதே கணக்குப்படி அது 1065 ஹெர்ட்ஸ் அகலத்தை விழுங்கியது. இடைவெளியைக் குறைத்தமையால் ஒருவர் நின்ற இடத்தில் இன்று நால்வர் நிற்க முடிகின்றது.

250 ஹெர்ட்ஸ் போதுமெனின், 200 ஹெர்ட்ஸ் இன்னும் நன்றல்லவா, 150 அதனினும் நன்றல்லவா என்று கேட்பாரும் உளர். வடிகட்டியை விற்பவரும் இவ்வாறே பேசுவர். ஆனால் நடந்தது என்ன? நம்மிடம் மாலைதோறும் வந்து கேட்கும் ஒரு பையன் உளன். குலை வெட்டுந் தொழிலாளி ஒருவரின் மகன். ஐந்தாம் படிவத்திற் படிப்பவன். ஒருநாள் அவன் பெட்டியின் வடிகட்டியைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டே போனான். இரைச்சல் அடங்கிற்று, அறை முழுதும் ஓர் அமைதி பரவிற்று. அவன் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, சத்தமும் இல்லை, எழுத்தும் இல்லையே!" என்றான்.

அப்பையன் ஒரே வாக்கியத்தில் முழு உண்மையையும் கூறிவிட்டான். இரு சுரங்களும் நடுவிலிருந்து இருபுறமும் 85 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்பவை. 170 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வாயில் அவ்விரண்டையும் கதவின் விளிம்பிலேயே நிறுத்திவிடும். அதனினும் குறுகினால் இரண்டுமே வெளியே நிற்கும். விளிம்பில் நிற்பதிலும் கேடுண்டு. சரிவு செங்குத்தான வடிகட்டிகளில் விளிம்பருகே வரும் ஒலி, நடுவே வரும் ஒலியைவிடத் தாமதித்து வெளிவரும். அதனால் ஓர் அலகின் வால் அடுத்த அலகின் தலையில் ஏறிக்கொள்ளும். காதுக்கு அமைதி, கண்ணுக்குக் குழப்பம். காது பெற்ற இன்பத்தைக் கருவியின் வெற்றியெனக் கொள்வது அறிவுக்குப் பொருந்துமா?

நிற்க. வேறொரு நுட்பமும் உண்டு. சுரங்களை எழுத்தாக மாற்றும் வேலையை இக்காலத்திற் கணினியே செய்கின்றது. ஜப்பானியராகிய மகோடோ மோரி என்பவர் எழுதி இலவசமாக வழங்கிய எம்.எம்.டி.டி.ஒய். என்னும் நிரல் உலகெங்கும் இதற்குப் பயன்படுவது. இத்தகைய நிரல்கள் மார்க், ஸ்பேஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, அலகின் நீளத்துக்கு ஏற்ற வடிகட்டியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. ஆகவே வானத்தின் பொதுவான சீறல் இரைச்சலைப் பொறுத்தவரை, முன்னால் ஒரு குறுகிய வடிகட்டி இட்டாலும் இடாவிட்டாலும் திரையிற் பெரிய வேற்றுமை இராது. 2400 ஹெர்ட்ஸிலிருந்து 250க்குக் குறுக்கினால் இரைச்சலின் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைவது உண்மையே. ஆனால் அக்குறைப்பைக் கணினி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றது. ஒருமுறை சலித்த மாவை மறுமுறை அதே சல்லடையிற் சலிப்பது போன்றது இது.

அங்ஙனமாயின் ரேடியோப் பெட்டியில் வடிகட்டி எதற்கு? சீறல் இரைச்சலுக்கன்று, பலத்த அயலானுக்கு. பெட்டியினுள் ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. வாயிலுக்குள் நுழைந்தவற்றுள் மிகப் பலமானது எதுவோ அதற்கேற்ப அது பெட்டியின் கேள்வியைக் குறைத்துவிடும். நாம் கேட்க விரும்பும் மெல்லிய நிலையத்துக்கு 800 ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பலத்த நிலையம் முழங்கினால், அம்முழக்கத்துக்காகக் குறைத்த குறைப்பில் மெல்லியதும் சேர்ந்து மூழ்கிவிடும். பின்னர்க் கணினியில் எத்தனை வடிகட்டி வைத்தாலும், முன்னமே மூழ்கியதை அவை மீட்டுத் தரமாட்டா. ஆகவே வடிகட்டியின் அகலத்தைப் போலவே அதன் இடமும் முக்கியம். ஒலியைக் குறைக்கும் அமைப்புக்கு முன்னரே அது இருத்தல் வேண்டும்.

தோட்டத்திற் பிரட்டுக்களம் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விடியற்காலையிற் கூட்டம் கூடுகின்றது. உரத்துப் பேசுபவர் ஒருவர். அவர் குரலைத் தாங்காது மேலாளர் எல்லாருக்கும் சேர்த்துக் காதை மூடிக்கொள்கின்றார். பின்வரிசையில் நின்று, நேற்று வேலை செய்த நாள் பெயரேட்டில் ஏறவில்லை என்று மெதுவாகக் கூறும் அம்மையாரின் சொல் யார் காதிலும் விழுவதில்லை. பிற்பகலில் அலுவலகக் கதவை எத்துணை அகலத் திறந்து வைத்தாலும் காலையில் விழாத சொல் மாலையில் விழாது. கேட்கும் ஏற்பாடு முன்னதாகவே, முதல் இடத்திலேயே இருக்க வேண்டும்.

பெட்டியினுள் வடிகட்டிகள் பல இடங்களில் அமையும். முதற் கலப்பிக்கு அடுத்து நிற்பது படிகத்தாலான வடிகட்டி. அலைகள் பெட்டிக்குள் வந்தவுடன் காப்பதால் இதனைக் கூரை வடிகட்டி என்பர். அடுத்து நிற்பது எண்களாற் கணித்து வடிக்கும் டிஜிட்டல் வடிகட்டி. திருகைத் திருப்பி அகலத்தை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். இறுதியிற் கணினியின் வடிகட்டி. பக்கத்துத் தெருவில் மற்றோர் அமெச்சூர் பெருஞ்சக்தியுடன் அனுப்பும் இடங்களில் வாழ்வோர்க்குக் கூரை வடிகட்டி பெரிதும் வேண்டும்; டிஜிட்டல் வடிகட்டியை அடையுமுன்னரே அயலானின் அலை பெட்டியைத் திணறச் செய்துவிடுமாதலால். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கமான இடத்திலுள்ளார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பனைக் காட்டின் நடுவிலுள்ளார்க்கு அத்தகைய அயலார் இல்லை. அவர்க்கு டிஜிட்டல் வடிகட்டியே போதும். ஒரே கருவி, இடத்துக்கு இடம் தேவை வேறு. விளம்பரம் இவ்வேற்றுமையை அறியாது.

நம் பகுதிக்கென்றே உரிய இரைச்சல்களும் உள. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைதோறும் இடி மின்னல். மின்னலின் அலை எல்லா அகலத்திலும் பரவி வருவது. எந்த வடிகட்டியும் அதனை முழுதும் தடுக்க வல்லதன்று. ஏரியலைக் கழற்றிவிட்டு எழுந்து போவதே அறிவு. மற்றொன்று மின்கம்பிகளில் தோன்றும் பொறி. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியுடையது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பொறி எழுமாதலால் வினாடிக்கு 100 பொறி, அதாவது 10 மில்லி செகண்டுக்கு ஒன்று. 2400 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டியின் வழியே அப்பொறி அரை மில்லி செகண்டுக்கும் குறைவாகவே ஒலித்து மறையும். 250 ஹெர்ட்ஸ் வடிகட்டியின் வழியே அதுவே 4 மில்லி செகண்டுக்கு நீண்டு இழுபடும். குறுகிய குடத்தைத் தட்டினால் நெடுநேரம் ரீங்கரிப்பது போல. ஆகவே பொறியை வெட்டியெறியும் அமைப்பு குறுகிய வடிகட்டிக்கு முன்னர் இருத்தல் வேண்டும். பின்னர் வைத்தால் பயனில்லை. இவற்றினும் மேலான வழி, இரைச்சலைப் பிறக்குமிடத்திலேயே ஒழிப்பது. ஒருநாள் மாலை வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க, சமையலறை எல்.இ.டி. விளக்கு ஒன்று அணைந்ததும் பாதி இரைச்சல் அடங்கிற்று. அவ்விளக்கை மாற்ற ஆன செலவு சில வெள்ளி. அவ்வளவு பயனைத் தரும் வடிகட்டி எந்தக் கடையிலும் அவ்விலைக்குக் கிடைப்பதன்று.

தொலைதூரச் சைகைகளிடத்து மேலும் ஒரு விசேஷம். அயனமண்டலத்திற் பட்டுத் திரும்பும்பொழுது மார்க்கும் ஸ்பேஸும் ஒருங்கே தேய்வதில்லை. ஒன்று தேயும்போது மற்றொன்று நிற்கும். நல்ல நிரல்கள் எஞ்சிய ஒற்றைச் சுரத்தைக்கொண்டே எழுத்தை உணர்ந்துவிடும். இதற்கு வடிகட்டி இரண்டையும் சமமாக உள்ளே விட வேண்டும். அதாவது அதன் நடு 2210 ஹெர்ட்ஸில், இரு சுரங்களுக்கும் சரிபாதியில், நிற்க வேண்டும். நடு பிசகிய வடிகட்டி ஒரு சுரத்தை எப்பொழுதும் நொண்டியாக்கி வைக்கும். சில பெட்டிகளில் இரு சுரங்களுக்கும் இரு முகடுகளும் நடுவே ஒரு பள்ளமுமாக அமைந்த இரட்டை முகட்டு வடிகட்டி உண்டு; நெரிசலில் அது உதவும். ஆனால் கோலாலம்பூரிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் நேர்வழி வட துருவத்தை ஒட்டிச் செல்வதாகும். துருவ ஒளிகள் ஆடும் அவ்வழியே வரும் சைகை நடுங்கிப் பரந்து வரும். அதற்குக் குறுகிய முகடு ஆகாது. 500 ஹெர்ட்ஸ் அகலம் விட்டுக் கேட்பதே நலம். ஐரோப்பாவுக்கு ஏற்றது அமெரிக்காவுக்கு ஏற்றதன்று. வருபவரின் நடைக்கேற்ப வாயிலைத் திறப்பதுதான் உபசாரம்.

வாங்க எண்ணுவோர் வேறு சிலவற்றையும் விசாரித்தல் வேண்டும். பெட்டியிற் பொறித்த அகலம் எந்த இடத்தில் அளந்தது? வழக்கமாகச் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும் இடத்தில் அளப்பர். பெயரளவில் 250 என்பது உண்மையில் அதற்கு மேல் அகன்றிருப்பதுமுண்டு. பழைய பெட்டிகளிற் சிலவற்றில் குறுகிய வடிகட்டி மோர்ஸ் முறைக்கும் டெலிடைப் முறைக்கும் மட்டுமே இயங்கும். பேச்சுமுறையில் வைத்துக் கணினிச் சுரங்களை ஊட்டுவோர்க்கு அது கிட்டாது. பணத்தைக் கொடுத்து வடிகட்டியைப் பொருத்திய பின்னர் இதனை அறிவதாற் பயன் யாது?

நமக்கும் இத்தகைய தீர்மானம் ஒன்று வேண்டியிருந்தது. கிள்ளானிலுள்ள நண்பர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து படிக வடிகட்டியொன்றைத் தருவித்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். அதன் விலை நம் மாதச் சம்பளத்திற் காற்பங்குக்கு மேல். வீட்டு வரவு செலவு நம் மனைவியாரின் கையில் உள்ளது. அவர் ரேடியோவைப்பற்றி ஒரு நூலும் படித்தவரல்லர். அவர் கேட்ட கேள்வி இது: "இப்போது கேட்காத எது, அது வந்தாற் கேட்கும்? அதைச் சொல்லுங்கள், பணம் தருகிறேன்." இதனினும் நேரான கேள்வியை எந்தப் பொறியியல் நூலிலும் நாம் கண்டதில்லை.

விடை காண்பதற்கு நாமும் அப்பையனும் ஒரு குறிப்பேடு திறந்தோம். தேதி, நேரம், அலைவரிசை, வானிலை, வடிகட்டியின் அகலம், வந்த வரிகள், பிழைத்த எழுத்துக்கள் எனப் பத்திகள் கிழித்தான் பையன். செக்ரோலைப் பார்த்துப் பழகிய நமக்கு அவ்வேடு மிக்க மகிழ்ச்சியை அளித்தது. ஒரே நிலையத்தை மாற்றி மாற்றிப் பல அகலங்களிற் கேட்டு எழுதி வந்தோம். சாதாரண மாலைகளில் 500க்கும் 250க்கும் பிழைகளில் வேற்றுமை காணவில்லை. 200க்குக் கீழே பிழைகள் ஏறின. செப்டம்பர்த் திங்களின் இறுதி வார முடிவில் நடைபெறும் உலக டெலிடைப் போட்டியின்போது, 14 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் நிலையங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அப்பொழுது 500ஐவிட 250 தெளிவாக உயர்ந்தது. ஆனால் அந்த 250 நம் பெட்டியின் டிஜிட்டல் வடிகட்டியிலேயே கிடைத்தது. புதிதாய் ஒன்று வாங்கிப் பெறவேண்டிய நிலையம் எதுவும் ஏட்டில் இல்லை. அவ்வேட்டை மனைவியாரிடம் காட்டினோம். பணம் அலமாரியிலேயே இருந்தது. பின்னர் அதனோடு சிறிது சேர்த்து, பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிப் பையனிடம் கொடுத்தோம். அவன் அதிற் பள்ளிப் பாடத்தையும் அமெச்சூர் பரீட்சைக்குரிய பாடத்தையும் படித்து வருகின்றான்.

அவன் தந்தையார் ஒருநாள் நம்மை வழியில் நிறுத்தி, "கிராணி ஐயா, இந்த இரைச்சலைக் கேட்டு என் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகிறது? அடுத்த ஆண்டு என்னோடு வேலைக்கு வந்தால் வீட்டுக்கு ஆகும்" என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. முதுகு வலிக்க அரிவாள் பிடிப்பவர்க்கு அக்கேள்வியைக் கேட்க முழு உரிமையுண்டு. இதனாற் சோறு கிடைக்கும் என்று நாம் பொய் கூறவில்லை. பையன் கிழித்த பத்திகளையும், ஒவ்வொரு மாலையும் தவறாது எழுதிய கணக்கையும் அவர் கையிற் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அவர் நெடுநேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "எழுத்து நன்றாக இருக்கிறது" என்று மட்டும் கூறிச் சென்றார். அவர் முடிவு யாதென்று இன்னும் நாம் அறியோம்.

இக்கலையில் ஏழைக்கு இடமில்லை என்பாருக்கு ஒன்று கூறுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் தந்திக் கம்பெனிகளும் இராணுவமும் கழித்த பழைய டெலிடைப் இயந்திரங்களைக்கொண்டே அமெச்சூர்கள் இம்முறையைத் தொடங்கினர்; சிற்றலைகளில் இவ்வாறு சுரம் மாற்றி அனுப்ப 1953ஆம் ஆண்டில் அவர்கட்கு அனுமதி கிடைத்தது. அவர்கள் வடிகட்டிக்கு எங்கே சென்றனர்? தொலைபேசிக் கம்பிகளில் 6000 அடிக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்த 88 மில்லி ஹென்றிச் சுருள்கள் கழிவுப் பொருளாக வந்தன. அவற்றுள் ஒன்றுடன் 0.064 மைக்ரோ பாரட் மின்தேக்கியைச் சேர்த்தால் 2125 ஹெர்ட்ஸுக்கு இசையும், 0.055 சேர்த்தால் 2295க்கு இசையும். பிறர் எறிந்த சுருளைக்கொண்டு அவர்கள் உலகத்தைக் கேட்டனர். கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உதிரிப் பாகக் கடைகளின் முன் நிற்கும் நம் பிள்ளைகட்கு இச்செய்தி ஊக்கம் தருவதாகுக.

மெல்லிய சைகையைப் பிழையின்றி எழுதிக்கொள்ளும் பழக்கம் வீண் விளையாட்டா? 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவுடன் அந்தமான் தீவிலுள்ள போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார் பாரதி பிரசாத் அம்மையார். தொலைதூர அமெச்சூர்களுடன் உரையாடி மகிழ்வதற்கே அவர் சென்றது. 26ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தது. அதன் பின்னர் அந்நிலையமே தீவினரின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பும் வாயிலாயிற்று. மறுகோடியில் மெல்லிய சைகைகளைக் கேட்டு எழுதப் பழகிய கைகள் இருந்தமையால் அச்செய்திகள் சேர்ந்தன. நம் சிலாங்கூரிலும் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி தொடங்கிய பெருவெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்று உதவியை எதிர்நோக்கியதை யாரும் மறந்திரார். அத்தகைய வேளையில் வரும் சைகை பலத்ததாக வராது. நீர் ஏறிய வீட்டிலிருந்து, தீர்ந்துகொண்டிருக்கும் மின்கலத்திலிருந்து, தாழ்ந்த ஏரியலிலிருந்து வரும். அதனை வாங்கிக்கொள்ளும் வாயில் அதன் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே வடிகட்டி தேர்ந்தெடுப்போர் முதலிற் கேட்க வேண்டியது, 'எதனைத் தடுப்பது?' என்பதன்று, 'எதனைக் கேட்பது?' என்பதே. கேட்க வேண்டியதன் அகலத்தை அளந்தறிக. அந்த அளவுக்கு வாயிலைத் திறக்க. அதன் நடுவைச் சரியாக நிறுத்துக. பலத்தவன் காதை மூடச் செய்யுமுன்னரே அதனை வைக்க. பின்னர்க் காது பெறும் அமைதியைக்கொண்டன்றித் தாளில் விழும் எழுத்தைக்கொண்டு முடிவு செய்க. நெரிசலில் 250, மற்றைய நாளில் 500. அதற்கு மேற் பணம் கேட்கும் எந்தக் கருவியும், இன்று கேட்காத எதனைக் கேட்கச் செய்யும் என்பதற்கு முதலில் விடை கூறட்டும்.

கிராணி வேலையும் ஒருவகை வடிகட்டி வேலையே. வரிசை வீட்டிலிருந்து புறப்படும் சொல் அலுவலக மேசையைக் கடந்துதான் மேலே செல்கின்றது. அம்மேசையில் அமர்ந்திருப்போர் அமைதியை விரும்பி வாயிலைக் குறுக்கினால் இரைச்சல் அடங்கும். அதனோடு எழுத்தும் அடங்கும். அறைக்குள் அமைதி நிலவுவதால் தோட்டத்திற் குறையில்லை என்று பொருளன்று. நம் போன்ற வேலையிலுள்ளோர் இதனை நாடோறும் நினைவிற்கொள்வது நல்லது.